குறை சொல்ல ஆளில்லாத ஹோம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் வலது முழங்கால் மட்டும் சுகமில்லை, அதையும் சேர்த்துப் பார்த்தால் முக்கால்வாசி சுகம் என்று வைத்துக்கொள். நீ அங்கே முழுசாகவே சுகமாக இருக்கிறாயா என்று தெரிந்துகொள்ள ஆசை. போனில் சொல்லக்கூடாதா, எதற்கு இவ்வளவு பெரிய கடிதம் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே உங்கப்பா பக்கத்தில் நின்றுகொண்டு சுருக்கமா சொல்லு சுருக்கமா சொல்லு என்று கையால் கத்தரிக்கோல் காட்டுகிறார், நான் பேசினால் ஏதோ போன் தேய்ந்துவிடும் என்கிற மாதிரி. இது சுருக்கமாகச் சொல்கிற விஷயம் இல்லை, ஒரு டீ போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்து படி.

எங்கள் மூன்றாவது மாடி உனக்குத் தெரியும், லிஃப்ட் கிடையாது என்பதும் தெரியும். படியில் வழுக்கிய பிறகு உங்கப்பா இறங்குகிற விதமே மாறிவிட்டது. சோபாவின் மெத்தையை உருவி எடுத்துப் படியில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து, ஒவ்வொரு படியாகத் தொம் தொம் என்று இறங்குகிறார். பின்னாலேயே நான் அவருடைய செருப்பைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். கீழ்வீட்டுத் தையல்காரம்மா, மேலே தினமும் யாரோ பீரோவை நகர்த்துகிறார்கள் என்று வீட்டுக்காரரிடம் போய்ச் சொல்ல, அவர் மூச்சு வாங்க ஏறி வந்து எங்கள் பீரோவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இது நகர்ந்த மாதிரியே தெரியலையே என்று சொல்லிவிட்டுப் போனார். உங்கப்பா மெத்தையை அணைத்துக்கொண்டு, நானும் அதான் சார் சொல்றேன் என்றார். இப்படி எத்தனை நாளைக்கு ஓட்ட முடியும் சொல்.

அதனால்தான் நீ அனுப்பிய மூன்று இடங்களையும் போய்ப் பார்த்தோம். ஹோம்னு சொல்லாதம்மா, சீனியர் லிவிங் கம்யூனிட்டின்னு சொல்லு என்றாய். அத்தனை நீளத்துக்கு என் வாய் வளையாதப்பா, நான் ஹோம் என்றே எழுதுகிறேன். நீ அனுப்பிய படங்களில் எல்லாம் வெள்ளைத் தலைக்காரர்கள் ஓர் ஆரஞ்சுப் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாயெல்லாம் பல்லாக நின்றார்கள். பழத்தில் அப்படி என்ன வேடிக்கை என்று உங்கப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். ஆனால் நீயே ஒரு நல்ல யோசனையும் சொல்லியிருந்தாய், ‘படத்தை நம்பாதீங்கம்மா, அங்க இருக்கறவங்களோட குடும்பத்துக்காரங்க கிட்ட பேசுங்க, அவங்க அனுபவம் எப்படின்னு கேட்டு, சீர்தூக்கிப் பார்த்து முடிவு பண்ணுங்க’ என்று. அதையேதான் செய்தோம். செய்ததனால்தான் இத்தனை கூத்தும். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது சும்மா வீடு பார்க்கிற சமாச்சாரம் இல்லை, இதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் இன்னொரு வீடு மாறப்போவதில்லை. தப்பான இடத்தில் போய் மாட்டிக்கொண்டால் திரும்பி வர இந்த மூன்றாவது மாடியும் இருக்காது.

நாங்கள் இரண்டு பேரும் ஒரு விஷயத்தை எடைபோடுகிற லட்சணம் உனக்குத் தெரியாததில்லை. உங்கப்பா காலமெல்லாம் சோபாக்கடையில் விற்பனைக்கு நின்றவர், எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் உட்கார்ந்து பார்ப்பார், உட்கார நன்றாக இருந்தால் மனுஷர்களும் நல்லவர்கள் என்று முடிவு கட்டிவிடுவார். நான் டெலிபோன் புகார் பிரிவில் காதைத் தேய்த்தவள். எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பெண்கள், இந்தத் தெருவிலிருந்து ரொம்ப நாளாகப் புகாரே வரவில்லை, அங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சந்தோஷப்படுவார்கள். நாங்கள் பழைய ஆட்கள் உடனே லைன்மேனை அனுப்புவோம். கேபிளே அறுந்து கிடக்கும், புகார் சொல்லவும் போன் வேண்டுமே. லைனில் கரகரவென்று சத்தம் வருகிறது என்று காது கிழியக் கத்துகிறவரைப் பற்றிக் கவலையே வேண்டாம், அவருக்கு லைன் இருக்கிறது. இன்னொரு பழக்கமும் உண்டு, காலையில் போனதும் முதல் புகார் எண்ணை யாருக்கும் கொடுக்கமாட்டோம், அது எங்கள் சோதனை அழைப்புக்கு. நாங்களே வெளியே ஒரு போனிலிருந்து பிரிவுக்குக் கூப்பிட்டு, லைன் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஊர்க்காரர்களுக்கு இரண்டாம் எண்ணிலிருந்து ஆரம்பிப்போம். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்று பின்னால் புரியும்.

முதல் ஹோமில் வாசலிலேயே பூச்செடி, உள்ளே பளபளவென்று தரை, நம் முகம் நமக்கே தெரிகிறது. பார்வையாளர் கூடத்தில் குடும்பங்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தன. மேனேஜர் ஒரு நடுத்தர வயதுக்காரரைக் காட்டி, இவங்கம்மா இங்கதான் இருக்காங்க, நீங்களே கேளுங்க என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மனுஷர் மடியில் ஆரஞ்சுப் பழக் கூடையோடு உட்கார்ந்திருந்தார். உங்கம்மாவுக்கு இங்கே எப்படி என்று கேட்டேனோ இல்லையோ, ‘ஒரு குறையும் இல்லீங்க, எங்கம்மாவுக்கு ரொம்பத் திருப்தி, எனக்கும் ரொம்பத் திருப்தி’ என்றார். தண்ணி எப்படி வருது என்றேன், திருப்தி என்றார். சாப்பாடு ஆறிப்போய் வருமா என்றேன், ஆறினாலும் திருப்தி என்றார். அடேயப்பா, ராத்திரி யாராவது இருமினால் பக்கத்து ரூமுக்குக் கேட்குமா என்றேன், கேக்கும், ஆனா இருமல் திருப்தியா இருக்கும் என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவருக்குத் திருப்திக்காரர் என்றே பெயர். நான் அவர் வாயைப் பிடுங்கிக்கொண்டிருந்த நேரத்தில் உங்கப்பா கூடத்திலிருந்த அத்தனை சோபாவிலும் ஒருமுறை உட்கார்ந்து எழுந்துவிட்டு, நுரை நல்ல நுரை, இங்கேயே வந்துடலாம் என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. அத்தனை குடும்பத்தில் ஒருவர்கூட ஒரு குழாய் சொட்டுகிறது என்றுகூடச் சொல்லவில்லை, எல்லா லைனும் செத்துக் கிடக்கிற தெரு மாதிரி இருந்தது.

அப்புறம் முழங்கால் வீங்கி, வடிந்து, மறுபடி மெத்தையில் ஏறி இறங்க வெகுநாள் ஆயிற்று. ஒருவழியாக இரண்டாவது ஹோமுக்குப் போனால், பார்வையாளர் கூடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்கிறாய், அதே திருப்திக்காரர், மடியில் அதே பழக்கூடை. எங்களைப் பார்த்ததும் பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார், பேப்பர் தலைகீழாக இருந்தது. உங்கப்பா என் காதில், அவருக்கு இரட்டைப்பிறவி ஒருத்தர் இருப்பார் போல என்றார். நான் நேராகப் போய், இங்கே எப்படிங்க என்று கேட்டேன். ஒரு குறையும் இல்லீங்க, ரொம்பத் திருப்தி என்றது பேப்பர். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இவரைக் கூலிக்கு வைத்திருக்கிறார்கள், ஊரில் எந்த ஹோம் என்றாலும் இவர் போய் உட்கார்ந்து திருப்தி திருப்தி என்று சொல்வது, அதற்கு இவருக்குப் பழமாகக் கொடுக்கிறார்கள் என்றே நினைத்துவிட்டேன். வெளியே வந்ததும் அப்பாவிடம், நம்ம பையன் எடை போடச் சொன்ன அனுபவம் இதுதானா, போதும்டா சாமி என்று கத்தினேன். அவர் அதற்கு, ஆனா இந்த சோபா அதைவிட நல்ல சோபா என்றார். இவரைக் கட்டிக்கொண்டு இத்தனை வருஷம் எப்படிக் காலம் தள்ளினேன் என்று எனக்கே தெரியவில்லை.

மூன்றாவது ஹோமுக்குப் போகும்போதே நான் சொல்லிவிட்டேன், அங்கேயும் அந்த ஆள் இருந்தால் நான் சும்மா விடமாட்டேன் என்று. இருந்தார். அதே கூடை. இந்தத் தடவை எங்களைக் கண்டதும் எழுந்து குடிதண்ணீர் மெஷினுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார், ஆனால் கூடையை மெஷினுக்கு மேலே வைத்துவிட்டுப் போய் ஒளிந்தார். கையும் களவுமாகப் பிடித்துக்கொண்டேன். என்னங்க, உங்களுக்கு மொத்தம் எத்தனை அம்மா என்று கேட்டேன். திருதிருவென்று முழித்தார், அப்புறம் அழாத குறையாகச் சொன்னார். ‘ஒரே அம்மாதாங்க. இது அவங்களுக்கு மூணாவது ஹோம். எதுக்கெடுத்தாலும் குறை சொல்றாங்கன்னு முதல் எடத்துல அனுப்பிட்டாங்க, ரெண்டாவது எடத்துலயும் அனுப்பிட்டாங்க. என் வீடு ஒரே ரூமுங்க, படுத்தா கால் வாசலுக்கு வெளிய போகும். இங்கயும் அனுப்பிட்டாங்கன்னா அம்மாவை நான் எங்க வச்சுப்பேன்? அதான் யார் வந்து கேட்டாலும் திருப்தின்னு சொல்லிடறது’ என்றார். நாங்கள் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டு மெல்ல மெல்ல ஹோம் பார்த்த நாட்களில், அந்தம்மா எங்களுக்கு முன்னாலேயே ஒவ்வொரு ஹோமாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள்.

நான் சுற்றிப் பார்த்தேன். கூடம் நிறையக் குடும்பங்கள், மேனேஜர் எந்தப் பக்கம் நடந்தாலும் அந்தப் பக்கத்துக் குடும்பம் சத்தமாகப் புகழ ஆரம்பிக்கிறது. ஒரு மூலையில் ஒரு மகள் ஜன்னலைப் புகழ்ந்தாள், இன்னொரு மூலையில் ஒரு மருமகன் படிக்கட்டின் கைப்பிடியைப் புகழ்ந்தார், அதைக் கேட்டு ஜன்னல்காரி, எங்கப்பாவுக்குக் கொசு கூடக் கடிக்கிறதில்லை, மெதுவா வந்து உட்கார்ந்துட்டுப் போயிடுது என்று ஒரு படி மேலே போனாள். எல்லாருக்கும் ஒரே பயம்தான் கண்ணா, குறை சொன்னால் அப்பாவையோ அம்மாவையோ பெட்டியோடு வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள் என்று. அத்தனை பேரின் அனுபவத்தையும் சேர்த்து எடை போட்டால் பயம் மட்டும்தான் கனமாக நிற்கும். அந்த இடத்தில் எனக்குக் கோபம் போய்விட்டது, அந்தத் திருப்திக்காரரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் ஒரு நல்ல விஷயமும் தெரிந்தது, மூன்று ஹோமிலும் இருந்து பார்த்து, மூன்றையும் வாய்விட்டுக் குறை சொல்கிற ஓர் ஆள் இந்தக் கட்டடத்துக்குள் எங்கேயோ இருக்கிறாள், அவளை எப்படியாவது பார்த்துவிட வேண்டும்.

எந்த ரூம் என்று கேட்கலாம் என்று வரவேற்பு மேஜைக்குப் போனேன். அங்கே இருந்த பெண் டீ குடிக்கப் போய்விட்டாள் போலிருக்கிறது, மேஜை காலி, மேலே இருந்த போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. அடிக்கிற போனைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க என்னால் முடியுமா, உனக்கே தெரியும். நாற்காலியில் உட்கார்ந்து ரிசீவரை எடுத்தேன், வாய் தானாக, வணக்கம், புகார் பிரிவு, சொல்லுங்க என்றது. அந்தப் பக்கம் ஒரு கிழட்டுக் குரல், ‘யாரது? நெஜமாவே எடுத்துட்டியா? நான் வந்த நாள்லேர்ந்து அடிக்கிறேன், ஒருத்தரும் எடுத்ததில்லையே’ என்றது. சொல்லுங்கம்மா, என்ன கோளாறு என்றேன். ‘திரைச்சீலை ஒரு சாண் குட்டைம்மா, காலைல வெயில் நேரா என் வலது கண்ணுல வந்து உட்காருது. சூப் ஆறிப்போச்சுன்னா கூடப் பரவாயில்லை, ஆறாமலும் சூடில்லாமலும் வருது, அதை என்னன்னு சொல்றது? கடிகாரம் முன்னால ஓடுது, பசிக்கறதுக்கு முன்னாடியே சாப்பாடு வந்துடுது. தோட்டக்காரன் பாடறான். பாடட்டும், ஆனா ஒரே வரியைப் பாடறான், அடுத்த வரி என்னன்னு தெரியாம எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது’ என்று கொட்டித் தீர்த்தாள். நான் தேடி வந்த திருப்திக்காரரின் அம்மா இவளேதான், என் காதில் தேன் பாய்ந்தது கண்ணா. வயிற்றுக்கு இல்லாதவள் தோட்டக்காரனின் அடுத்த வரியைப் பற்றிக் கவலைப்படுவாளா? அடிக்கிறார்கள், திட்டுகிறார்கள், பூட்டி வைக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. உங்க புகார் பதிவாயிடுச்சும்மா, உங்க நம்பர் ரெண்டு என்றேன். அப்ப ஒண்ணு யாரு என்று உடனே சண்டைக்கு வந்தாள். ஒண்ணு ஏற்கனவே ஒருத்தருக்கு எடுத்து வச்சாச்சு என்றேன். சோதனை அழைப்புப் பழக்கம்தான், வேறெதுவும் யோசித்துச் சொல்லவில்லை.

நம்பர் கொடுத்ததுதான் தாமதம், அந்தம்மா கைத்தடியை ஊன்றிக்கொண்டு என் முகத்தைப் பார்க்கவென்றே இறங்கி வந்துவிட்டாள், வருகிற வழியில் எல்லாக் கதவையும் தட்டி, கீழ ஒருத்தி புகார் எடுக்கறா, நம்பரெல்லாம் தர்றா என்று சொல்லிவிட்டே வந்திருக்கிறாள். நான் எழுந்திருக்கப் பார்ப்பதற்குள் வரிசை நின்றுவிட்டது. மீன்தொட்டியில் இருக்கிற மீன் தன்னை மட்டும் முறைக்கிறது என்றார் ஒருவர். தனக்குத்தானே சதுரங்கம் விளையாடுகிற ஒரு ரிட்டயர்டு கணக்கு வாத்தியார், எதிராளி ஏமாத்தறான் என்றார், எதிராளி யாருங்க என்றால் அவரேதான். காலையில் உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்க வருகிற பெண் தங்களைக் குட்டீஸ் குட்டீஸ் என்று கூப்பிடுகிறாள் என்று மூன்று பேர் கூட்டாகப் புகார் கொடுத்தார்கள். ஒரு பெரியவர் எனக்குக் குறையே இல்லைம்மா, ஆனா நம்பர் மட்டும் ஒண்ணு குடு என்று கையை நீட்டினார், கொடுத்தேன், சட்டைப்பையைத் தட்டிக்கொண்டே போனார், நம்பர் அங்கேதான் இருக்கிறது என்கிற மாதிரி. இந்தக் கூத்துக்கு நடுவில் உங்கப்பா என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேள். கூடத்து சோபாவைப் பற்றி அங்கிருந்த குடும்பங்களுக்கு விளக்கம் சொல்லச் சொல்ல, பழைய வேகம் வந்து, ஒரு குடும்பத்துக்கு அந்த மூன்று பேர் உட்காரும் சோபாவை விற்றே விட்டார். அவர்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போய்விட்டார்கள், மேனேஜர் ஓடிப்போய் மறித்தார். மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை.

சோபாவைத் திரும்ப வாங்கி வைத்துவிட்டு அவர் நேராக என்னிடம்தான் வந்தார். சரி, கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளப்போகிறார்கள், இந்த ஹோமும் போச்சு என்று நான் பையை எடுத்துக்கொண்டேன். அவர் வரிசையின் கடைசியில் போய் நின்றார். முறை வந்ததும், எனக்கும் ஒரு நம்பர் குடுங்க என்றார். ‘யாரும் என்கிட்ட எதையும் நேரா சொல்றதில்லைம்மா, குடும்பத்துக்காரங்க எல்லாம் புகழ்ந்துட்டுப் போயிடறாங்க. மாடில ஒரு குழாய் சொட்டிக்கிட்டே இருந்திருக்கு, கீழ என் ரூம் கூரை பேந்து என் சாப்பாட்டுத் தட்டுல விழுந்தப்பதான் எனக்குத் தெரிஞ்சுது. அதுக்கும் மறுநாள் வந்த ஒருத்தர், உங்க கூரை ரொம்ப நல்லா இருக்குன்னுட்டுப் போறாரு’ என்றார். வரவேற்பு மேஜையில் போனை எடுக்கச் சொல்ல ஒருநாளும் தோன்றவில்லையா என்று கேட்டேன். அடிச்சா யாரோ புகழத்தான் அடிக்கிறாங்கன்னு நெனச்சு விட்டுட்டோம் என்று தலையைச் சொறிந்தார். கைத்தடி அம்மாவைப் பார்த்து, நீங்க குறை சொல்றவங்கன்னு எனக்குத் தெரியவே தெரியாதே, திரைச்சீலையை நாளைக்கே மாத்திடறேன் என்றார். சூப்பு என்றாள் அவள். சூப்பும்தான் என்றார். தோட்டக்காரருக்கு அடுத்த வரி தெரியுமா என்று கேட்டுப் பார்ப்பதாகவும் சொன்னார், அதில் மட்டும் உறுதி சொல்ல முடியாது என்றார்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் இது சிரித்துவிட்டு மடித்து வைக்கிற கடிதம். எல்லாரும் கலைந்த பிறகு, கடைசியாகத் திருப்திக்காரர் கூடையோடு வந்து நின்றார். அவர் அம்மா மாடிக்குப் போய்விட்டாளா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். உங்களுக்கு என்னங்க, எல்லாம் திருப்திதானே என்று கேலியாகத்தான் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. ‘எங்கம்மா ஊர்ல எல்லார்கிட்டயும் குறை சொல்றாங்க, முன்ன ரெண்டு மேனேஜர் கிட்டயும் சொன்னாங்க, மீன்தொட்டி கிட்டகூட சொல்றாங்களாம். என்கிட்ட மட்டும் ஒண்ணுமே சொல்றதில்லைங்க. நான் வந்து உட்கார்ந்தா, எல்லாம் நல்லா இருக்குடா, நீ கெளம்பு, நேரமாச்சுங்கறாங்க. திரைச்சீலை குட்டைன்னு இப்ப அவங்க இங்க வந்து சொன்னதைக் கேட்டுத்தான் எனக்கே தெரியும். நான் என்ன செஞ்சிருக்க மாட்டேன்னு நெனச்சாங்க, ஒரு சாண் துணி வாங்கித் தர மாட்டேனா’ என்றார். சொல்லிவிட்டு ஓர் ஆரஞ்சை எடுத்து என் மேஜையில் வைத்தார். அந்தப் பழத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், உன் ஞாபகம் வந்து கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டது, உங்கப்பா வந்து, நாற்காலி சரியில்லையா என்று கேட்டார்.

ஆகையால் கண்ணா, மூன்றாவது ஹோம்தான் என்று நாங்கள் இரண்டு பேரும் முடிவு பண்ணியாயிற்று. கீழ்த்தள ரூம், படி கிடையாது, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறது, அந்தக் கம்பி கொஞ்சம் ஆடுகிறது, சொல்லியிருக்கிறேன். காலையில் கொஞ்ச நேரம் அந்தப் போன் பக்கத்தில் உட்கார முடியுமா என்று மேனேஜர் கேட்டார், நான் ரிட்டயர் ஆனவள் என்று பிகு பண்ணிக்கொண்டேன், ஆனால் போவேன். இந்த மாதக் கடைசிக்குள் பெட்டி கட்ட வேண்டும். குடும்பத்துக்காரர்களின் அனுபவத்தைக் கேட்டு எடை போடச் சொன்னாயே, எல்லாக் குடும்பத்தையும் கேட்டாயிற்று, மிச்சம் இருப்பது நம் குடும்பம். நாங்கள் உன்னிடம் போனில் சொல்லிவந்ததெல்லாம் திருப்திக்காரர் பாட்டுத்தான், அதனால் முதலில் என் குறைகளைச் சொல்லிவிடுகிறேன், கேட்டுக்கொள். உங்கப்பா படியில் விழுந்தது ஒருமுறை இல்லை, இரண்டு முறை, இரண்டாவது முறை விழுந்து எழுந்திருக்க ரொம்ப நேரம் ஆனது, உனக்குச் சொல்லாதே என்றார். அது ஒன்று. இன்னொன்று, நீ மூன்று ஹோமின் படத்தையும் அழகாக அனுப்பினாய், ஆனால் ஒரு பேச்சுக்குக்கூட, நீங்க ரெண்டு பேரும் இங்க என்கூட வந்துடுங்களேன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வந்திருக்கமாட்டோம்டா, அந்தக் குளிரில் உங்கப்பா முழங்கால் என்ன ஆகும். வேண்டாம்ப்பா, நீ நல்லா இரு, அது போதும் என்று எப்படி நயமாகச் சொல்வது என்று பதிலைக்கூட யோசித்து வைத்திருந்தேன், நீ கேட்காமலே விட்டதில் அந்தப் பதில் வீணாகப் போய்விட்டது. மூன்றாவது, எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த ஹோமைப் பார்த்து இல்லை, அங்கே போன பிறகு நீ வந்து உட்கார்ந்தால் நானும், எல்லாம் நல்லா இருக்குடா, நேரமாச்சு, கெளம்பு என்று சொல்லிவிடுவேனோ என்றுதான்.

இப்போது உன் பக்கம். நீ அங்கே போன புதிதில் எத்தனை குறை சொல்வாய். ஹீட்டர் உள்ளே யாரோ சுத்தியலால் அடிக்கிற மாதிரி சத்தம் போடுகிறது என்பாய், கூட இருக்கிறவன் குளிக்கும்போது பாடுகிறான் என்பாய், மேலதிகாரி மூக்கை உறிஞ்சிக்கொண்டே திட்டுகிறார் என்பாய், நானும் அப்பாவும் போனை வைத்துவிட்டு அந்த மூக்கை நினைத்து நினைத்துச் சிரிப்போம். உங்கப்பா விழுந்தார் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து நாங்கள் எது கேட்டாலும் நீ, ஒரு குறையும் இல்லைம்மா, எல்லாம் நல்லா இருக்கு, நீங்க எப்படி இருக்கீங்க என்கிறாய். நாங்களும் எல்லாம் நல்லா இருக்கு என்கிறோம். பாடுகிறவன் இருக்கிறானா, காலி பண்ணிக்கொண்டு போய்விட்டானா என்றுகூடத் தெரியவில்லை. காதைத் தீட்டி வைத்துக் கேட்கிறேன், உன் பின்னால் ஒரு தட்டு வைக்கிற சத்தம் மட்டும் கேட்கிறது, அந்த ஹீட்டர் சத்தத்தைக்கூடக் காணோம், ரிப்பேர் ஆகிவிட்டதா, போடாமல் குளிரில் கிடக்கிறாயா? எனக்குத் தெரிய வேண்டாமா? நீ ஒரே மகன், உன்னை வேறு எந்த ஹோமுக்கும் அனுப்பிவிட மாட்டோம், பயப்படாமல் சொல்லு.

நீ நன்றாக இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிட வேண்டும், நல்ல மனுஷர்கள் உன் பக்கத்தில் இருக்க வேண்டும், தூக்கம் வரவேண்டிய நேரத்தில் வர வேண்டும், இதுதான் எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும். காலுறை நனைந்திருந்தால் மாற்றிக்கொள், அப்படியே ஹீட்டர் பக்கத்தில் காயப்போடாதே. புது ரூம் போன் எண்ணைக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, நான்தான் எடுப்பேன், எடுத்ததும் புகார் பிரிவு என்றுதான் சொல்வேன், சிரிக்காதே. அன்றைக்கு வரிசையில் எல்லாருக்கும் இரண்டிலிருந்துதான் கொடுத்தேன், அந்தம்மா அத்தனை சண்டை போட்டும் ஒன்றாம் நம்பரைக் கொடுக்கவில்லை. அது உனக்குத்தான் கண்ணா. சின்னக் குறையாக இருந்தாலும் பரவாயில்லை, ஏதாவது ஒன்று சொல்லு.

இப்படிக்கு,
லைன் உயிரோடு இருக்கிறதா என்று காத்திருக்கும்
உன் அம்மா

அப்பா எழுதுவது: அம்மா எழுதியதைப் படித்தேன். இரண்டாவது முறை விழுந்ததைச் சொல்லியிருக்க வேண்டாம். ஹோமில் நாற்காலி நல்ல நாற்காலி. நீ வந்தால் உட்கார என் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒன்று போடச் சொல்லியிருக்கிறேன், யாருக்கும் விற்க மாட்டேன்.